அத்தியாயம் 7: முன்னால் ஒருவர் நடக்கட்டும்

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையில் நான் முதன்முதலாக ஏறியபோது எனக்கு வயது 44, எடை 86 கிலோ. தனியாகத்தான் போனேன். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். எதிலும் நிற்கவில்லை. பாறையில் வெட்டிய படிகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி, மேலே போய்ச் செல்போனில் நேரம் பார்த்துப் பெருமைப்பட்டேன். இறங்கும்போது வலது முழங்காலில் சுருக்கென்று ஒரு வலி. அடுத்த மூன்று வாரம் வீட்டு மாடிக்குப் போவதற்கே கைப்பிடிச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. உடம்பைத் தேற்றுவதற்காகத் தொடங்கிய முயற்சி அந்த ஒரு காலையோடு நின்றுபோனது.

இரண்டாம் முறை அதே மலைக்குப் பசுமை நடைக் கூட்டத்தோடு போனேன். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கிய அமைப்பு அது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஞாயிறு காலைகளில் மக்களை அழைத்துப் போய், கல்வெட்டு அறிந்தவர்களைக் கொண்டு அந்த இடத்தின் வரலாற்றைச் சொல்ல வைப்பார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள், எழுபது வயதுப் பெரியவர்கள் இருந்தார்கள். அந்தக் கூட்டம் ஏறுகிற வேகத்தில்தான் நானும் ஏற முடிந்தது. முதலில் எரிச்சலாக இருந்தது. பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு அருகே, பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களையும் அவற்றின் அடியில் இருந்த வட்டெழுத்துகளையும் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன்: எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. இறங்கி வந்து எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பியபோது, காலை முழுக்க நடந்திருந்தேன். முழங்கால் வலிக்கவில்லை. அடுத்த நடை எப்போது என்று விசாரித்தேன்.

இந்த அத்தியாயம் சொல்லவருவது இதைத்தான். வழிகாட்டியின் முதல் உபயோகம் நம் வேகத்தைப் பிடித்து நிறுத்துவது. வழி காட்டுவது அதற்கு அடுத்தது.

காரணம் உடம்பிலேயே இருக்கிறது. நடக்கத் தொடங்கிய சில வாரங்களில் இதயமும் நுரையீரலும் பழகிவிடும், மூச்சு வாங்குவது குறைந்துவிடும். எலும்போடு தசையைக் கட்டும் தசைநாண்களும் மூட்டுகளும் அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். ஆறாவது வாரத்தில் "இப்போ நல்லா முடியுதே" என்று தோன்றும்போது பேசுவது மூச்சு மட்டும்தான், முழங்காலைக் கேட்டால் வேறு பதில் வரும். புதியவர்களில் பலர் அடிபடுவது இந்த இடைவெளியில்தான். தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் புத்தி நம்மில் பலருக்கு இல்லை. எனக்குச் சத்தியமாக இல்லை. முன்னால் ஒருவர் நடந்தால் அந்தக் கவலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதுமா

போதாது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. மரம் பார்க்கும் நடை, பறவை பார்க்கும் நடை, கல்வெட்டு நடை எல்லாமே நின்று நின்று போகிறவை. பறவைக்காரர்கள் ஒரு கண்மாய்க் கரையில் அரைமணி நேரம் அசையாமல் நிற்பார்கள். மனசுக்கு நல்லது, உடற்பயிற்சிக் கணக்கில் சேராது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்க வேண்டும். மிதமானது என்பதை அளக்கக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். கூட்டத்தோடு நடப்பதில் ஒரு வசதி, இந்தச் சோதனை தானாகவே நடந்துகொண்டிருக்கும். பக்கத்தில் வருபவர் பேச்சை நிறுத்தினால் திரும்பிப் பாருங்கள்.

ஆகவே ஞாயிறு நடையை ஒரு தேதியாக வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள நாட்களை அதற்கான தயாரிப்பாக்குங்கள். நான் செய்வது இது. நான்கு நாள் வீட்டுக்கு அருகே அரைமணி நேர வேக நடை. மற்ற இரண்டு நாள் படி. எங்கள் அடுக்ககத்தில் நான்கு மாடி, அதில் மூன்று முறை ஏறி இறங்கித் தொடங்கினேன், இரண்டு மாதத்தில் எட்டு ஆனது. மாடி இல்லாதவர்களுக்கு ரயில் நிலைய நடைமேம்பாலம் இருக்கிறது. படிக்கட்டில் ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள், அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தேதி ஒன்று காத்திருப்பதால் செவ்வாய்க்கிழமைக் காலையில் போர்வையை விலக்குவது சுலபமாகிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டு மார்ச்சில் நின்றுபோனவன் சொல்கிறேன்.

யார் பின்னால் போவது

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். பலரும் இளைஞர்கள், நன்றாக நடக்கக்கூடியவர்கள். மார்ச் மாதத்துச் சரிவில் புல் காய்ந்து சருகாக நிற்கும். அந்தப் புல்லில் பிடித்த தீ காற்றோடு சரிவில் ஏறும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. உடல் வலு எவ்வளவு இருந்தாலும் அங்கே உதவாது. எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று தெரிந்த ஆள்தான் உதவுவார்.

அதன் பிறகு அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் நடக்க வனத்துறையின் அனுமதி கட்டாயம். தீப்பருவத்தில், வழக்கமாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, மலைப்பாதைகள் மூடப்படும். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை வனத்துறை திறந்தது. இணையத்தில் பதிவு செய்யலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்களும் அடிவாரக் கிராமத்துக்காரர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். யானைத் தடம் எது, எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும் என்பதெல்லாம் அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்துவருவது.

தனியார் குழுவோடு போவதானால், பணம் கட்டுமுன் சில கேள்விகள் கேளுங்கள். வனத்துறை அனுமதிச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, அதைப் பார்க்கலாமா? வழியில் உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வருவாரா? கூட்டத்தின் கடைசியில் யார் வருவார்? முன்னால் போகிறவரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கடைசி ஆளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, விபத்து நடப்பதோ பெரும்பாலும் கடைசியில். வழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் கீழே கொண்டுவருவது எப்படி? இந்தக் கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில் வந்தால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், மாத்திரை பற்றி அவர்கள் உங்களிடம் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை என்றாலும் அப்படியே.

குன்றிலிருந்து மலைக்கு

மதுரைக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம். ஊரைச் சுற்றிப் படிப்படியாகப் பயிற்சி எடுக்க அடுக்கி வைத்தாற்போல் குன்றுகள் இருக்கின்றன. நான் ஏறிய வரிசையைச் சொல்கிறேன். வேறு ஊர்க்காரர்கள் அதே கணக்கில் தங்கள் ஊர்க் குன்றுகளை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். ஏற்றம் பெரிதாக இல்லை. கரடுமுரடான தரையில் நடந்து பழகத்தான் அங்கே போக வேண்டும். தார்ச்சாலையில் பத்தாயிரம் அடி வைக்கிறவருக்கும் கணுக்காலின் பக்கவாட்டுத் தசைகள் வேலை செய்திருக்காது. பாறையிலும் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் நடக்கும்போதுதான் அவை விழிக்கும். குடைவரைக் கோயிலையும் ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழி எழுத்துகளையும் பார்க்கலாம். தலையை நிமிர்த்தினால் வல்லூறு தெரியும். நடந்துகொண்டே நிமிர வேண்டாம், நின்று பாருங்கள்.

அடுத்து சமணர் மலை, ஆனைமலை. இங்கே படி, வழுக்குப் பாறை, வெயில். காலை ஒன்பது மணிக்குள் இறங்கிவிடும்படி திட்டம் இருக்க வேண்டும். மதுரைப் பாறை பத்து மணிக்குத் தோசைக்கல்.

மூன்றாவது அழகர்மலை. கோயிலிலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கை வரை சாலையே போகிறது. நிழல் உண்டு, வழி தவற முடியாது. நிற்காமல் ஏறிப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை. கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்குகள் உங்களை ஓடவும் வைக்கும், அது கூடுதல் பயிற்சி.

இந்த மூன்றையும் மூன்று மாதத்தில் முடித்தவர்கள் திண்டுக்கல் சிறுமலைக்கோ கொடைக்கானல் பக்கத்துப் பாதைகளுக்கோ வழிகாட்டியோடு போகலாம். அதற்கு முன் ஒரு கணக்கு. 1892இல் ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் ஒரு விதி சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். நான்கு கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு இந்த விதிப்படி 78 நிமிடம் ஆகும். அவர் குளிர்நாட்டுக்காரர். நம் வெயிலுக்கும் நம் பழக்கத்துக்கும் நான் அதை இரண்டால் பெருக்கிக்கொள்கிறேன். இரண்டரை மணிக்கு மேல் ஆகும் என்று தெரிந்தே கிளம்புகிறவர் தண்ணீரையும் அதற்குத் தக்கபடி எடுத்துப் போவார். விளம்பரத்தில் "நான்கு கிலோமீட்டர் மட்டுமே" என்று படித்துவிட்டு வருபவரிடம் அரை லிட்டர் பாட்டில்தான் இருக்கும்.

ஏறுவது, உட்காருவது, இறங்குவது

கொடைமலைச் சரிவில் ஒரு வழிகாட்டித் தம்பியோடு நடந்தபோது ஒன்று கவனித்தேன். நாங்கள் களைத்தபோது அவர் நிற்கவில்லை. நாங்கள் நன்றாக நடந்துகொண்டிருந்தபோது, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, அவராகவே நின்றார். ஏன் என்று கேட்டேன்.

"களைச்ச பெறகு உக்காந்தா எந்திரிக்க மனசு வராதுண்ணே. அதுக்கு முன்னாடியே நின்னுக்கணும்" என்றார். "உக்காரவும் வேணாம். கம்ப ஊனி நின்னா போதும்."

அது முழுக்கச் சரி. அதிக நேரம் உட்கார்ந்தால் சூடேறிய தசை இறுகிவிடும், மறுபடி கிளம்பும் முதல் பத்து நிமிடம் நரகம். நின்றபடி இரண்டு நிமிடம், நாலு மடக்குத் தண்ணீர், கிளம்பு. இன்னொன்றும் அவரிடம்தான் கற்றேன். ஏற்றத்தில் அவர் அடியைச் சிறிதாக்குவார், முழுப் பாதமும் தரையில் படும்படி வைப்பார். நாம் ஏற்றம் வந்தால் முன்பாதத்தில் எட்டி எட்டி வைக்கிறோம், கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்கிறது.

இப்போது இறக்கம். மூச்சு வாங்காது என்பதால் இறங்குவது லேசு என்று நினைக்கிறோம். ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. தசையில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாவது இந்த வேலையில்தான். மறுநாளும் அதற்கு மறுநாளும் படி இறங்கும்போது தொடை கெஞ்சுவதற்கு அதுவே காரணம். அந்த வலி பயப்படக்கூடியதில்லை, மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்தும் வலி, வீக்கம் என்றால் அது வேறு, மருத்துவரைப் பாருங்கள். வார நாட்களில் படி இறங்கிப் பழகச் சொன்னது இதற்காகத்தான். பழகிய தசை அடுத்த முறை அவ்வளவு கெஞ்சாது.

இறக்கத்தில் ஒரு கம்பு வேண்டும். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள், ஏழு மலை ஏறுகிறவர்கள் அதை ஊன்றித்தான் போவார்கள். விலை உயர்ந்த மடக்குக் கம்பு வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் மூங்கில் போதும். முழங்காலை லேசாக மடக்கியே வைத்து, சிறிய அடியாக, பாதை அகலமாக இருந்தால் சற்றே குறுக்காக இறங்குங்கள். செருப்புக் கடையில் கேட்க வேண்டியது அரை அளவு பெரிய ஷூ. இறக்கத்தில் விரல்கள் முன்பக்கம் முட்டி நகம் கறுத்துப்போகும். கிளம்புவதற்கு முந்தின நாள் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு

சர்க்கரைக்கு இன்சுலினோ சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நீண்ட நடையில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல் வந்தால் நடப்பதை நிறுத்தி உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட வேண்டும். அதை உங்கள் பையில் மட்டும் வைத்தால் போதாது, வழிகாட்டிக்கும் எந்தப் பையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். மலைக்குப் போகும் நாளில் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாகக் குறைக்க வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஷூவைக் கழற்றிப் பாருங்கள். கல் குத்தியது உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்ப வேண்டாம். மருந்து துடிப்பை அடக்கி வைத்திருக்கும், எண் குறைவாகவே காட்டும். பேச்சுச் சோதனைதான் உங்களுக்கு ஏற்றது. நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாத குளிர் வியர்வை இவற்றில் எது வந்தாலும் அது வாயுத் தொல்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். உடனே நில்லுங்கள், சொல்லுங்கள். வெள்ளியங்கிரியில் ஆண்டுதோறும் சிலர் இறந்துபோகும் செய்தியைப் படிக்கிறோம். இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. பக்தியின் முன் அது எடுபடுவதில்லை.

உணவுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். காலையில் இரண்டு இட்லி, வழிக்குக் கடலை மிட்டாய், ஒரு வாழைப்பழம், உப்புப் போட்ட நீர்மோர். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையக்கூடாது. மழை மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனால் அட்டை ஏறும். உப்புப் பொட்டலம் போதும், யாரும் அட்டை கடித்துச் செத்ததில்லை.

மலை மூடியிருக்கும்போது

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் வழிகாட்டியோடு நடப்பதற்கு அதைவிடப் பழைய முறை கிடையாது. குருசாமி முன்னால், கூட்டம் பின்னால், எங்கே தங்குவது, எங்கே கஞ்சி கிடைக்கும் என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகியிருக்கும். குறை ஒன்றுதான். வருடம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே மூச்சில் நாலைந்து நாள் நடப்பார்கள். தைப்பூசம் முடிந்த கையோடு மலைப்பாதைகளும் தீப்பருவத்துக்கு மூடிவிடும். அந்த இரண்டு மாதமும் சும்மா இருந்தால் சேர்த்ததெல்லாம் போய்விடும். விடியற்காலையில் கண்மாய்க் கரை, வைகைக் கரை, உள்ளூர் மரநடை, பறவைநடை என்று தொடருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அந்தப் பருவத்தில் இரவு நடை ஒன்று இருக்கிறது. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஏழு கிலோமீட்டர் போலக் கடற்கரையில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரிக்கிறார்கள், பொதுமக்களையும் அழைத்துப் போகிறார்கள். மணலில் நடப்பதற்குக் கெட்டித் தரையில் நடப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். டார்ச் கொண்டு போகாதீர்கள்.

இந்த இடைக்காலத்தில் பாதத்தைக் கவனிக்கலாம். கொப்புளம் வருவது ஈரத்தாலும் உரசலாலும். பருத்திச் சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், செயற்கை இழைச் சாக்ஸ் நல்லது. எரிச்சல் தொடங்கிய உடனே, கொப்புளம் கிளம்பும் முன்பே, நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். கிளம்பிவிட்டால் உடைக்காதீர்கள்.

ஏப்ரல் நடுவில் பாதைகள் திறந்ததும் நான் சொல்வது கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி. இறங்கும் பாதை. பயிற்சி இல்லாதவர்கள் "இறங்குறதுதானே" என்று வந்து தொடை நடுங்கி உட்காரும் பாதையும் அதுதான். ஊர் வரை போய்த் திரும்புவதானால் மொத்த இறக்கத்தையும் ஏறித்தான் வர வேண்டும், அதற்கும் காலில் பலம் மிச்சம் வையுங்கள். காலில் கொப்புளம் இருந்தால் கிளம்புமுன் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளகவி ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை, எல்லையில் நீங்களும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.